நில்தாவின் கம்ப்யூட்டருக்கு ஞானத்தகப்பன் வைத்த கதை

மலைமேல் இருக்கிற எல் ஆல்த்தோ நகரத்தில் நில்தா சுக்கிமியா கம்ப்யூட்டர் கட்டினாள் என்றால், கடைக்குப் போய்க் கைகாட்டித் தூக்கிவந்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டி ஒருவரிடம், பம்ப் ஒருவரிடம், ரேடியேட்டர் இன்னொருவரிடம் என்று சந்தையில் அலைந்து பொறுக்கி, வீட்டு முன்னறை மேசையில் தானே திருகித் திருகிச் சேர்த்தாள். உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கிற கம்ப்யூட்டர். அதைக் கட்டி முடிப்பதற்குள் அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதில் கால்வாசிகூடக் கம்ப்யூட்டரால் வந்ததில்லை. அது பாவம், சொன்னதைக் கேட்கிற பொருள். எல்லாம் மனுஷர்களால் வந்தது.

நில்தா, வியாச்சாவில் விதைக்கிழங்கு விற்ற எவுஸ்தாக்கியோவின் கடைசி மகள். எவுஸ்தாக்கியோவுக்குப் பிறந்தவை ஐந்து, தங்கியவை இரண்டு. மூத்தவள் ஓர்த்தென்சியா, பிரேசிலுக்குப் போய்ச் சாவோ பாவுலோவில் தையல்பட்டறை வைத்து நிமிர்ந்தவள். இளையவள் இவள். இவளுக்கு வாய்த்த செவேரோ போமா மினிபஸ் ஓட்டுகிறவன். போமா வீட்டு ஆண்கள் எல்லோருமே வண்டிக்காரர்கள். அவன் அப்பா லாரி, சித்தப்பா லாரி, அத்தை புருஷன் டிராக்டர். செவேரோவின் அம்மா தோன்யா கசிமீரா முன்பு கம்பளி விற்றாள். கால் வீங்கியதிலிருந்து வீட்டோடு இருந்து மருமகளைக் கவனித்துக்கொள்கிறாள், கண்ணை எடுக்காமல்.

கல்யாணமாகிக் கொஞ்சகாலத்தில் நில்தாவும் அக்காள் பின்னாலேயே சாவோ பாவுலோ போய்த் தையல்மிஷினில் உட்கார்ந்தவள்தான். ஜன்னலில்லாத பட்டறை, காலையிலிருந்து கழுத்து நிமிராத வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் பின்கட்டில் கம்ப்யூட்டரில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்குப் போய்வந்தாள். சில வருஷம் கழித்து ஊர் திரும்பி வாசலில் மூட்டையை இறக்கினபோது, விட்டுப்போன மகள் லிஸ்பெத் கதவைப் பாதி திறந்து, "தோன்யா, யாரைப் பாக்கணும்?" என்று, வெளியார் அம்மணியைக் கூப்பிடுகிற மரியாதையோடு கேட்டாள். பெற்ற தாயைப் பார்த்து. இனி சாவோ பாவுலோ பஸ் ஏறுவதில்லை என்று மனதுக்குள் போட்ட முடிச்சு அன்றைக்குப் போட்டது.

பிறகு அவள் பிடித்த தொழில், கட்டாத வீட்டைக் கட்டினதுபோலக் காட்டுவது. எல் ஆல்த்தோவில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் கட்டுகிற அடுக்கு வீடு எப்படியென்று ஊருக்கே தெரியும். கீழே கடைகள், அதற்கு மேலே தொங்குவிளக்கு வைத்த விழாக்கூடம், உச்சியில் தாங்கள் குடியிருக்க வீடு, முகப்பெல்லாம் ஆரஞ்சும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கிற வேலைப்பாடு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அந்த வீட்டுக்குள் நடந்து போவதுபோல நில்தா திரையில் ஓடவிடுவாள். சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

தொல்லை என்னவென்றால், அந்த ஓடும் படத்தைத் தயாரிக்கும்போது கம்ப்யூட்டர் கொதிக்கும். கீழே சமவெளியில் ஃபேன் வைத்தால் போதும். எல் ஆல்த்தோவில் காற்றே மெலிசு. ஃபேன் என்ன கத்தினாலும் சூட்டை அள்ளிப்போக அங்கே ஒன்றுமில்லை. பழைய மிஷின் பாதிப் படத்தில் பெருமூச்சு விட்டு அணைந்துபோகும். இப்படி இரண்டு மூன்று பேருக்குச் சொன்ன நாளில் படம் கொடுக்க முடியாமல், வேலை கையைவிட்டுப் போனது. வேலை போன செய்தி எப்படியோ சாவோ பாவுலோ வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"இங்க பாரு நில்தா, ஒரு மிஷினை உனக்காகக் காலியா வெச்சிருக்கேன்" என்றாள் ஓர்த்தென்சியா போனில். "கார்னிவல் முடியற ஞாயித்துக்கெழமைக்குள்ள வர்றேன் வரலைன்னு சொல்லிடு. அதுக்கு மேல என்னால காலியா வெச்சிருக்க முடியாது. சொந்தத் தங்கச்சின்னு சொன்னா பட்டறை ஓடாது."

"யோசிச்சுச் சொல்றேன்கா."

"நீ யோசிச்ச வரைக்கும் போதும்டி."

அப்போதுதான் நில்தா இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, தண்ணீரில் குளிர்கிற கம்ப்யூட்டருக்கு இறங்கினாள். இது நின்றால் ஊரில் இருப்பு, இது படுத்தால் சாவோ பாவுலோ.

முதல் எரிச்சல் செவேரோ. மேசையில் ரேடியேட்டரைக் கண்டதும் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ரேடியேட்டர் என்றால் அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது.

"என்னடி இது, பொம்மை ரேடியேட்டர்! என் பழைய வண்டியோடது ஷெட்டுல சும்மா கெடக்கு. அதை மாட்டு. மலையே ஏறும்."

"இது மலை ஏறாது செவேரோ. மேசை மேல நிக்கும்."

"சூடு சூடுதானே?"

"உன் ரேடியேட்டர் அலுமினியம். இதுல உள்ள மத்ததெல்லாம் செம்பு. ரெண்டையும் ஒரே தண்ணியில விட்டா ஒண்ணு இன்னொண்ணை அரிச்சுத் தின்னுடும்."

"எங்க அப்பா லாரியில அலுமினியமும் இருந்துச்சு, செம்பும் இருந்துச்சு."

"உங்க அப்பா லாரி எங்க நின்னுச்சு, சொல்லு?"

அந்த லாரி கரானாவி இறக்கத்தில் ரேடியேட்டர் வெடித்து நின்று, இரண்டு நாள் அப்பாவும் மகனும் வாழைத்தாரைத் தின்று உயிர்பிழைத்தது உறவெல்லாம் அறிந்த கதை.

அடுத்தது கசிமீரா. நில்தா கண்ணாடிபோலத் தெரிகிற அக்ரிலிக் குழாய்களைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருப்பாள். அது பொறுமையைத் தின்கிற வேலை. சூடு குறைந்தால் ஒடியும், கூடினால் கொப்புளிக்கும். சரியான பதம் வந்து, மூச்சைப் பிடித்து வளைக்கிற அந்த நொடியில்தான் மாமியார் வாய் திறப்பாள்.

"மருமகளே, அதுல என்ன தண்ணி ஊத்தப்போற?"

குழாய் கோணிக்கொள்ளும்.

"சுத்தத் தண்ணி அத்தை. கடையில காய்ச்சி வடிச்சு விக்கறாங்களே, அது."

"வெறும் தண்ணியா? பாக்க நல்லாவா இருக்கும்? நாலு பேர் வந்தா சிரிக்கமாட்டாங்க? ஊதாச்சோளத்துல ஆப்பி காய்ச்சற மாதிரி நல்ல கலரா ஒண்ணு ஊத்து."

"இது குடிக்கறதுக்கு இல்ல அத்தை!"

"யாருடி குடிக்கச் சொன்னா? கலரைச் சொன்னேன்."

கோணின குழாய்கள் ஒரு தகரடப்பா நிறையச் சேர்ந்தன. இருந்தாலும் ஒருநாள் மத்தியானம் எல்லாம் சேர்ந்தது. கண்ணாடிக் கதவு போட்ட கறுப்புப் பெட்டி. உள்ளே குழாய்கள் ரயில்வே லைன் மாதிரி நேராகப் போய் அழகாகத் திரும்பின. நடுவில் பால்புட்டி அளவுக்கு அக்ரிலிக் தொட்டி, அதன் தலையில் திருகுமூடி. பம்ப்பைப் போட்டாள். தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி, வளைவு வளைவாக ஓடி, திரும்பித் தொட்டிக்கே வந்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை. நாள் முழுக்கக் கனத்த படத்தைக் கொடுத்துப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தால் ரேடியேட்டர் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நில்தா அடுப்படிக்குப் போய் யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள்.

இப்போது வேலை வேண்டும். வேலை தோன் பொலிகார்ப்பியோ தார்க்கியிடம் இருந்தது. நாட்டியக்காரர்களின் உடுப்புக்குப் பூவேலை செய்கிற பட்டறைக்காரர். அவரும் அவருடைய இரண்டு தம்பிகளும் சேர்ந்து பெரிய நிழல் மரம்போல ஒரு விழாக்கூட வீடு கட்டப்போகிறார்கள். அது நில்தாவிடம் வந்தால் அந்தத் தெருவே அவளிடம் வரும். கார்னிவல் முடியும் அதே ஞாயிற்றுக்கிழமை தம்பிமார் இருவரும் அச்சகாச்சியிலிருந்து வருகிறார்கள். அன்றைக்குப் படம் பார்த்து, பிடித்தால் இவளிடம், இல்லையென்றால் கீழே லா பாஸில் ஒரு கம்பெனியிடம் என்று பேச்சு.

பொலிகார்ப்பியோ மிஷினைப் பார்க்க வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குழாய்களில் தண்ணீர் ஓடுவதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கு சல்யா பண்ணியாச்சா?"

புதுசாக வந்த எதற்கும் மது தெளித்து, பூ தூவி, பூமித்தாய்க்கு அவள் பங்கைக் கொடுக்காமல் அங்கே யாரும் பயன்படுத்துவதில்லை. வீடு, வண்டி, கடை, கலப்பை எதுவானாலும். சல்யா வேண்டாமென்று நில்தாவும் நினைக்கவில்லை. மின்சாரம் ஓடுகிற பெட்டியில் பீர் பாட்டிலோடு மனுஷர்கள் நெருங்குவதைத்தான் நினைத்துப் பயந்தாள்.

"இன்னும் இல்ல, தோன் பொலிகார்ப்பியோ. பின்னால மெதுவா..."

"பின்னாலயா? பூமித்தாய்க்குக் குடுக்காத மிஷின்ல என் வீட்டை வரைஞ்சா, நாளைக்கு சாரத்துலேருந்து எவனாவது விழுவான். அப்புறம் யாரு பதில் சொல்றது?" என்றவர், தானே வழியும் சொன்னார். "ஞானத்தகப்பன் யாரு இதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கா?"

"செவேரோ வண்டிக்கு இல்லையா? வண்டிக்கு உண்டுன்னா இதுக்கும் உண்டு. நானே இருக்கேன். வர்ற செவ்வாக்கெழமை ஊரே சல்யா பண்ற நாள். பீர், பூ, வெடி எல்லாம் என் செலவு. இனிமே நாம கொம்பாத்ரே, கொமாத்ரே."

ஞானத்தகப்பனாக வருகிறேன் என்கிறவரை வேண்டாமென்று சொல்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது. ஞானஸ்நானத்தில் ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனவர் பெற்றவர்களுக்கு அன்றிலிருந்து கொம்பாத்ரே, பெற்றவள் அவருக்குக் கொமாத்ரே. அந்த முறை சாகும்வரைக்கும். சரி கொம்பாத்ரே என்றாள் நில்தா. வேறென்ன சொல்வாள்?

செவ்வாய்க்கிழமை தெரு முழுக்க வெடிப்புகை. மினிபஸ்கள் எல்லாம் மாப்பிள்ளைபோலக் காகித நாடா சுற்றி நின்றன. நில்தா காலையிலேயே ஏற்பாட்டைப் பேசிவிட்டாள். மேசையின் நாலு காலிலும் நாலு சொட்டு, தரையில் மீதி. காகித நாடாவைப் பெட்டியின் வெளியே சுற்றிக்கொள்ளலாம், பூ மேலே தூவலாம். கண்ணாடிக் கதவைத் திறக்கக் கூடாது.

"புரிஞ்சுதா கொம்பாத்ரே?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா கொமாத்ரே?"

எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பொலிகார்ப்பியோ வலதுகையால் நாலு காலுக்கும் பீர் விட்டார். கசிமீரா வெள்ளைப்பூ இதழ் தூவினாள். செவேரோ முற்றத்தில் வெடிக்கட்டைக் கொளுத்தினான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் ஓடுவது விருந்தாளிகளுக்குத் தெரியவேண்டுமே. அதற்குள் புச்சேரோவைப் பரிமாற நில்தா அடுப்படிக்குப் போகவேண்டியதாயிற்று. ஆட்டுக்கறியும் பீச் பழமும் கோசும் போட்ட குழம்பை ஆளுக்கொரு தட்டில் அள்ளிவைத்துத் திரும்பிவந்தால், முன்னறையில் ஒரே கைதட்டல்.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. தொட்டியின் திருகுமூடி கசிமீராவின் மடியில் இருந்தது. பொலிகார்ப்பியோ கையில் சுத்தச் சாராயத் தகரம், நெருப்புக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்கிற சரக்கு. அதில் பாதி தொட்டிக்குள் போயிருந்தது. பின்னாலேயே பூவும் வண்ணக் காகிதப்பொட்டும் போயிருந்தன. வெள்ளை இதழும் சிவப்புப் பொட்டும் குழாய் குழாயாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

"ஆடுது பாருங்க!" என்றார் பொலிகார்ப்பியோ. "மிஷினே ஆடுது!"

"கொம்பாத்ரே... மேசைக்காலுக்குன்னுதானே பேச்சு?"

"மேசைக்காலா பெத்த பிள்ளை? பிள்ளைக்கு மேல ஒரு வாய் இருக்கு, மூடி போட்டு வெச்சிருக்கீங்க. நாம எல்லாரும் குடிக்கறோம், அது மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணுமா? பாவமா இருந்துச்சு, குடுத்துட்டேன்."

செவேரோ போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். "எங்க வீட்டுலதாண்டா இது!" என்று யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தான். நில்தா அவனைப் பார்த்த பார்வையில் போனை இறக்கினான்.

பம்ப்பின் சத்தம் மாறிவிட்டது. தொண்டையில் சிக்கின மாதிரி ஒரு உறுமல். அணைக்கப் போனாள். "ஐயோ, அணைக்காதீங்க கொமாத்ரே!" என்று நாலு பேர் கத்தினார்கள். "ஆடறதை நிறுத்தினா அபசகுனம்!" நல்ல நாளில், வீடு நிறைய ஆளிருக்க, வேலை கொடுக்கப்போகிற ஞானத்தகப்பனைப் பார்த்து என்ன சொல்வது? சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் மிஷின் போச்சு. எந்தப் பக்கம் போனாலும் பஸ் சாவோ பாவுலோவுக்குத்தான் போகிறது. நில்தா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அந்த நேரத்தில் கசிமீரா சண்டைக்கு வந்தாள், அதுவும் மருமகளிடம்.

"ஏன்டி, பூமித்தாய்க்கு ஊத்தினதை இப்படிப் புட்டியில அடைச்சு வெச்சிருந்தா அவ எப்படிடி குடிப்பா? வாசல்ல விருந்தாளியை உக்காத்தி வெச்சுட்டு உள்ள தட்டைப் பூட்டற மாதிரி இருக்கு! உனக்கு ஒரு முறைதலை தெரியுதா? இதெல்லாம் நான் சொல்லிக்குடுக்கணுமா?"

ஊற்றியவர் பொலிகார்ப்பியோ, மூடியைத் திறந்துகொடுத்தவள் கசிமீரா, திட்டு நில்தாவுக்கு. ஆனாலும் அன்றைக்கு மாமியார் வாயிலிருந்து வந்ததில் அதைவிட இனிப்பானது எதுவுமில்லை.

"தப்புதான் அத்தை, மன்னிச்சுடுங்க" என்றாள் நில்தா. "இப்பவே இறக்கிடறேன். கொம்பாத்ரே, நீங்கதான் உங்க கையால மண்ணுல விடணும்."

நில்தா பிளக்கைப் பிடுங்கி, அடிக்குழாயைக் கழற்றி, எல்லாவற்றையும் காலிக் குழம்புச்சட்டியில் இறக்கினாள். இதழும் பொட்டும் சாராயமும் கலந்த அந்தத் தண்ணீரைப் பொலிகார்ப்பியோ இரண்டு கையாலும் ஏந்திப்போய் முற்றத்து மண்ணில் ஊற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். மிஷினைத் துடைத்தபடி நில்தாவும் ஒரு கையால் மேசையைத் தட்டிவைத்தாள்.

புதன்கிழமை பம்ப்பைப் பிரித்து, சிக்கிய பூவையெல்லாம் ஊசியால் எடுத்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவினாள். இனி ஒன்றுமில்லை என்று நினைத்துக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். வளைவுகளில் சிலந்திவலை மாதிரி மெல்லிய வெடிப்புகள். தொட்டியின் கழுத்தில் சுற்றிவர வெடிப்பு. சாராயம் பட்டால் அக்ரிலிக் வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை சீக்கிரம் என்று தெரியாது. ஒரு குழாயை மெல்ல அழுத்தினாள். முறுக்கு மாதிரி முறிந்தது.

வியாழக்கிழமை சந்தைக்கு ஓடினாள். குழாய் விற்கிறவன் கடை மூடியிருந்தது. பக்கத்துக் கடைக்காரி கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் ஊருக்குப் போயிட்டான், அங்கேயும் சல்யா பண்ணணும்ல."

"எப்ப வருவான்?"

"தெளிஞ்சா வருவான்."

அடுத்த கடைக்காரன் இருந்தான், ஆனால் அவனிடம் குழாய் இல்லை. குழாய் வைத்திருந்தவன் அன்றைக்கு விற்கமாட்டேன் என்றான். கடைக்குச் சுற்றின காகித நாடாவை ஞாயிற்றுக்கிழமைவரை அவிழ்க்கக் கூடாதாம், நாடாவுக்குப் பின்னால்தான் குழாய் இருக்கிறதாம். நில்தா அங்கேயே நின்று, அப்பா எவுஸ்தாக்கியோ கழுதையைத் திட்டுகிற வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லித் தீர்த்துக்கொண்டாள்.

திரும்புகிற வழியில் பொலிகார்ப்பியோவின் மனை. அங்கே மேஸ்திரி எலியோதோரோ ஒருவர்தான் அந்த வாரத்திலும் வேலை செய்துகொண்டிருந்தார். சாராயமும் சல்யாவும் தொடாத புதுச்சபைக் கிறிஸ்தவர். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே மட்டமா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பிளாஸ்டிக் டியூபை நீளமாக இழுத்துவிட்டிருந்தார். நில்தா நடையை நிறுத்தினாள். வளைகிற டியூப். வெடிக்காத டியூப். கிட்டப்போய் விரலால் பிடித்துப் பார்த்தாள். பம்ப் வாங்கின பெட்டியில் இனாமாக வந்த, அவள் ஒதுக்கிப்போட்ட, டியூப் மாட்டுகிற முனைகளுக்குச் சரியாக அதே பருமன்.

"மேஸ்திரி, இதுல கொஞ்சம் வெட்டித் தருவீங்களா?"

"ஏம்மா, தளம் கோணட்டும்ங்கறியா?"

"எவ்வளவு நீளம் கெடக்கு, அதுல கொஞ்சம்தான்."

"முதலாளி சொல்லாம ஒரு விரக்கடை தரமாட்டேன்."

முதலாளிக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது.

"கொமாத்ரே... கொஞ்சம் மெல்லப் பேசுங்க, தலை..."

எதைச் சொல்வது, எதை விடுவது என்று நில்தா ஒரு நொடி தடுமாறினாள். பிறகு ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"உங்க ஞானப்பிள்ளைக்கு உடம்பு சரியில்ல கொம்பாத்ரே."

"என்னது? என்ன ஆச்சு?"

"நீங்க குடுத்த சாராயம் ஒத்துக்கல. குழாயெல்லாம் வெடிச்சுப்போச்சு. ஞாயித்துக்கெழமை உங்க தம்பிங்களுக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வேலை அத்தோடு போயிற்று என்றுதான் நில்தா நினைத்தாள்.

"நான் ஊத்தினதுலயா?" என்றார் பொலிகார்ப்பியோ.

"ஆமா."

"சத்தியமா?"

"நான் எதுக்கு கொம்பாத்ரே பொய் சொல்லப்போறேன்?"

ஞானப்பிள்ளை படுத்துக்கொண்டால் மருந்து ஞானத்தகப்பன் பொறுப்பு. அதிலிருந்து நழுவினவனை ஊர் திருவிழாவில் ஆட்ட வரிசையில்கூடச் சேர்க்காது. பொலிகார்ப்பியோ போனில் பேசுவதை விட்டு நேராக மனைக்கே வந்தார், தலையில் மனைவியின் சால்வையைக் கட்டிக்கொண்டு. மேஸ்திரி கத்தக் கத்த டியூப் முழுவதையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேற வாங்கித் தர்றேன்யா! பிள்ளை உசுரா, உன் மட்டமா?"

அத்தோடு போயிருந்தால் புண்ணியம். போகவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, நில்தா வெட்டுகிற ஒவ்வொரு துண்டுக்கும் யோசனை சொன்னார். செவேரோ மினிபஸ் கிளிப்களைக் கொண்டுவந்து டியூப் முனைகளை இறுக்கினான். இறுக்க இறுக்க, ஆரம்பத்திலேயே தன்னைக் கேட்டிருந்தால் இந்த வேலை எப்போதோ முடிந்திருக்கும் என்றான். வெடித்த தொட்டிக்குப் பதில் நில்தா ஒரு முச்சந்தி இணைப்பை வைத்து, அதிலிருந்து ஒரு துண்டு டியூபை மேலே நிமிர்த்தி, அதன் வழியே தண்ணீர் விட்டு, தக்கையால் அடைத்தாள். வாய் அத்தோடு விரல்பருமன்தான், ஒரு இதழ்கூட நுழையாது. ரயில்வே லைன் மாதிரி இருந்தது போய், உள்ளே இப்போது ஆட்டுக்குடலை வாரிப்போட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க நில்தாவுக்கு நெஞ்சு எரிந்தது.

"முன்னைவிட நல்லா இருக்கு" என்றார் பொலிகார்ப்பியோ.

நில்தா பல்லைக் கடித்துக்கொண்டு பம்ப்பைப் போட்டாள். ஓடியது. அடியில் காகிதத்தை விரித்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வெள்ளியும் சனியும் படத்தைத் தயாரித்தாள். "நனைஞ்சிருக்கா? தொட்டுப் பாத்தியா?" என்று கசிமீரா கேட்காத நேரமில்லை. காகிதம் நனையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அச்சகாச்சித் தம்பிமார் வந்தார்கள், அண்ணனைப் போலவே பரந்த தோளும் சுருங்கிய கண்ணுமாக. முன்னறைச் சுவரில் படம் ஓடியது. தெருவிலிருந்து உயரே பார்த்து, கடைகளைக் கடந்து, படியேறி, விழாக்கூடத்துக்குள் நுழைந்து, தொங்குவிளக்கின் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, உச்சிவீட்டு ஜன்னல் வழியே இயிமானி மலையின் பனியைக் காட்டியது. நடுவில் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. நில்தா சுவரைப் பார்க்கவில்லை. டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது. கசிமீரா கொண்டுவந்த ஆப்பி மூன்று பேர் கையிலும் ஆறியது. நில்தாவின் கண்முன்னால் ஜன்னலில்லாத பட்டறை வந்து நின்றது.

"பச்சை எதுக்கு?" என்றார் நடுத்தம்பி.

"எனக்குப் பிடிச்சது பச்சை" என்றார் பொலிகார்ப்பியோ.

"உனக்குப் பிடிச்சா போதுமா? நாங்க என்ன, பக்கத்து வீடா? ஆரஞ்சு போடு."

"ஆரஞ்சு போட்டா கோழிக்கறிக்கடை மாதிரி இருக்கும்டா!"

"மொட்டைமாடியில கொண்டோர் சிலை எங்க?" என்றார் சின்னவர். "றெக்கை விரிச்ச மாதிரி ஒண்ணு வேணும்னு சொன்னேனா இல்லையா?"

"கழுகுக்கு வேற காசா?"

"என் பங்குல வெச்சுக்கறேன், உனக்கென்ன?"

குரல்கள் ஏறின. ஒருவர் எழுந்தார், இன்னொருவர் அவரை இழுத்து உட்காரவைத்தார். செவேரோ சமாதானம் செய்யப் போய், மேல்மாடிக்கு நீலம் நன்றாக இருக்கும் என்று தன் யோசனையையும் சொல்லிவைத்தான். மூவரும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள். எத்தனையோ பேருக்குப் படம் காட்டியவள் நில்தா. பிடிக்காதவர்கள் மரியாதையாக ஆப்பியைக் குடித்துவிட்டு, ரொம்ப அழகு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நிறத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள் கட்டப்போகிறவர்கள்.

போன் அடித்தது. ஓர்த்தென்சியா. நில்தா அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியும் சத்தம் குறையவில்லை.

"என்ன முடிவு பண்ணின?" என்றாள் அக்காள்.

"அந்த மிஷினை வேற யாருக்காவது குடுத்துடுக்கா."

"ஏன்டி? வேலை கெடச்சிருச்சா?"

"கெடச்ச மாதிரிதான் இருக்கு."

"அது என்ன சத்தம் அங்க? யாரு கத்தறாங்க? உன் புருஷன் அடிக்கறானா?"

"இல்லக்கா. அவனைத்தான் அடிக்கப்போறாங்க."

"கொமாத்ரே!" என்று பொலிகார்ப்பியோ முன்னறையிலிருந்து கூப்பிட்டார். "இங்க வாங்க! இப்பவே, எங்க கண்ணு முன்னாலயே அந்தப் பச்சையை ஆரஞ்சாக்கிக் காட்டுங்க, அப்பத்தான் அது கோழிக்கறிக்கடைன்னு இவனுங்களுக்குப் புரியும்!"

"இப்பவே மாத்த முடியாது கொம்பாத்ரே!" என்று கத்தினாள் நில்தா. "கொஞ்சம் பொறுங்க!" அக்காளிடம், "நான் அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பச்சையை ஆரஞ்சாக்கப் போனாள்.